காலி அடுப்பின் வாசனை

அந்தத் தெருவில் பால் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் யாரும் அதைக் காய்ச்சிப் பார்ப்பதில்லை. பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்கு வந்துவிடுவார்கள். கடைக்காரர் அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு எழுந்து வந்து, குனிந்து, ஒரே ஒரு மூச்சு இழுப்பார். "சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்பார். தாங்கும். எண்ணெய் டின்னா, வெண்ணெயா, வாடகைக்குப் பார்த்த வீட்டுச் சுவரில் ஈரமா, எல்லாவற்றுக்கும் அவர் மூக்குதான் தீர்ப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ உதிர்ந்துபோய், ஐம்பத்து நாலு வயதில் அவர் வெறும் மூக்கர். மூக்கு பார்வைக்கு ஒன்றும் பெரிதில்லை. நடுவில் லேசாகச் சப்பை. "உள்ளேதான் விசாலம்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மழை பிடித்து நாலாவது நாள், மதியம். ஈரக் காற்றில் மாவு சோம்பேறியாகிவிடும். எழுந்திரு என்றால் எழுந்திருக்காது. போதாக்குறைக்கு, மாவு பிசைகிற ஆள் இல்லாமல் பதினோரு நாளாகக் கடை நொண்டியடித்துக்கொண்டிருந்தது. பிசைவது, உருட்டுவது, அச்சில் போடுவது என்று மூக்கரும் அவர் மனைவியுமே மல்லுக்கட்டினார்கள். அவள் நடுநடுவே முன்பக்கம் ஓடி வியாபாரத்தையும் பார்க்க வேண்டும்.

"நாப்பது அச்சு. நான் உள்ள தள்ளிடறேன். நீங்க போய் விறகை நனையாம எடுத்துட்டு வாங்க," என்றாள்.

"கதவை ரொம்ப நேரம் திறந்து வெக்காதே."

"கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து இதையே சொல்றீங்க. வேற எதாவது சொல்லுங்க."

அவர் விறகைக் கொண்டு வந்து போட்டபோது அடுப்பின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. முன்பக்கத்தில் மனைவி யாரோடோ பழைய பன்னுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். மூக்கர் முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

ரொட்டி வேகும்போது மூன்று வாசனை வரும். முதலில் ஈர மாவின் பச்சை வாசனை. பிறகு, பால் பொங்கப் போகிற மாதிரி ஒன்று. கடைசியில், மேல்தோல் சிவக்கிற வாசனை. அது வந்த நொடி கதவைத் திறக்க வேண்டும். கடிகாரம் பார்த்து ரொட்டி எடுக்கிறவனை மூக்கர் ரொட்டிக்காரன் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

முதல் வாசனை வந்தது. கால் மணி கழித்து இரண்டாவது வந்தது. கூரைத் தகரத்தில் மழை தட்டிக்கொண்டிருக்க, மூன்றாவது வாசனை மெதுவாகப் புறப்பட்டு, தொண்டை வரை நிறைந்தது. மூக்கர் எழுந்து, நீண்ட மரத்துடுப்பை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தார்.

அடுப்பு காலி. செங்கல் தரை சிவந்து கிடந்தது. மூலையில் கொஞ்சம் சாம்பல்.

திரும்பிப் பார்த்தார். பின்னால், மேசையின் கீழ்த்தட்டில், துணி போர்த்தியபடி நாற்பது அச்சும் அப்படியே இருந்தன. பொங்கிய மாவு துணியைத் தள்ளிக்கொண்டு நின்றது. தள்ளப் போனவளை முன்பக்கத்தில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மூக்கர் கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தார். காலி அடுப்பிலிருந்து, வெந்த ரொட்டியின் வாசனை இன்னும் கும்மென்று வந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே மோப்பமும் போனது. மூன்று வாரம் எதிலும் எந்த வாசனையும் இல்லை. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் யாராவது பாலைக் கொண்டுவந்தால், "ஜலதோஷம், அப்புறம் வா" என்று அனுப்பினார். பிறகு ஒரு நாள் காலையில் அடுப்பைத் திறந்தபோது வாசனை வந்துவிட்டது. அன்றைக்கு அழுதார். மோந்து பார்த்ததைத்தான் நம்புவேன், மற்றதெல்லாம் பேச்சு என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர், மனைவி சாமி கும்பிடும் மூலையில் போய் அவளுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார்.

இப்போது அலமாரிக்குப் போனார். வினிகர் பாட்டிலைத் திறந்தார். சுருக்கென்று புளிப்பு ஏறியது. அப்பாடா என்றிருந்தது. வெனிலா எசென்ஸைத் திறந்தார். இனிப்பாக வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பாட்டிலையும் முதுகுக்குப் பின்னால் கை மாற்றி மாற்றிக் குழப்பி, ஒன்றை மூக்கருகே கொண்டுவந்தார்.

ஒன்றுமில்லை. கண்ணாடியை மோந்த மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தார். மஞ்சள் லேபிள், வினிகர். கூப்பிட்டவுடன் ஓடிவருகிற வேலையாள் மாதிரி, புளிப்பு வாசனை வந்து நின்றது.

மூக்கர் அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். மூக்கு திரும்பவே இல்லை. முப்பத்தைந்து வருஷப் பழக்கம் கண் கண்டதைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, இன்ன வாசனை வர வேண்டும் என்று தானே தயார்பண்ணிக் கொடுத்திருக்கிறது. இந்த மழையில் ஒன்றிரண்டு தட்டு வெளுத்து வந்தபோதுகூட அவர் மழையைத்தான் திட்டினார்.

அப்போதுதான் நெட்டையின் நினைவு வந்தது.

நெட்டைதான் மாவு பிசைகிறவன். ஆறடிக்கு மேல் ஆள். தொட்டிக்குள் குனிந்தால் இரண்டாக மடிந்த மாதிரி தெரியும். ஒரு காலத்தில் குடி. குடித்துவிட்டு மாவு மூட்டைகளின் மேல் விழுந்து கிடப்பான். நாற்றத்தை மறைக்கக் கிராம்பைக் கடித்துக்கொண்டு வருவான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் விட்டான். விட்டவன் விட்டவன்தான். இனி குடித்தால் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று தன் பெண்டாட்டியிடம் அவனே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான்.

பதினோரு நாளைக்கு முன்னால் அவன் அரை மணி தாமதமாக வந்தான். கண் சிவந்திருந்தது, சட்டை கசங்கியிருந்தது, பேச்சு குழறியது. "பல் வலிண்ணே, தூங்கவே இல்லை. கிராம்புத் தைலம் வெச்சிருக்கேன்" என்றான். மூக்கர் அவன் முகத்தருகே போய் ஒரு மூச்சு இழுத்தார். கிராம்புக்கு அடியில், நாலு வருஷமாக மோக்காத அந்தச் சாராய வாசனை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ஏழெட்டுப் பேர் ரொட்டிக்கு நின்றிருந்தார்கள். "கிராம்பைக் கடிச்சா எனக்குத் தெரியாம போயிடுமா? போடா வெளியே" என்றார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "என் மூக்கு இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை" என்றார் மூக்கர். நெட்டை போய்விட்டான். வீட்டுக்கும் அன்றோடு போகவில்லை. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டு, அங்கேயே படுத்துக்கொள்கிறான் என்று கேள்வி.

மனைவி உள்ளே வந்தாள். துணி போர்த்திய அச்சுகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். "அடப்பாவமே, மறந்தே போயிட்டேன். நீங்களாவது தள்ளக் கூடாதா? இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"ரொட்டி வெந்துடுச்சுன்னு கதவைத் திறந்தேன்."

"எந்த ரொட்டி?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வினிகர் பாட்டிலைக் காட்டினார். சொல்லி முடித்ததும், "நெட்டை அன்னிக்குக் குடிச்சிருக்கலை" என்றார்.

அவள் அச்சுகளை ஒவ்வொன்றாகத் துடுப்பில் வைத்து அடுப்புக்குள் தள்ளினாள். கடைசி அச்சைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

"குடிச்சிருக்கலாமில்ல? உங்களுக்கு வாசனை தெரியலைன்னா, குடிக்கலைன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

"குடிச்சான்னு சொன்னதுக்கு என்கிட்ட இருந்தது மூக்கு ஒண்ணுதான். அதுவும் இல்லைன்னா?"

"சரி. ஆள் அனுப்பிக் கூப்பிடுங்க. போனது போகட்டும், மன்னிச்சாச்சு, நாளைக்கு வேலைக்கு வான்னு சொல்லுங்க. விஷயம் முடிஞ்சுது. மூக்கைப் பத்தி எதுக்குப் பேசணும்?"

"செய்யாத தப்புக்கு மன்னிப்பா? அதைவிட அவனைச் செருப்பால அடிக்கலாம்."

"நீங்க நல்லவராவே இருங்க. நம்ம கடைக்குப் போர்டு கூடக் கிடையாது. மூக்கர் கடைன்னுதான் வராங்க. நாளைக்கு எவனுக்காவது வயித்தை வலிச்சா, மோப்பம் தெரியாதவன் சுட்ட ரொட்டின்னுதானே சொல்வாங்க?" துடுப்பைச் சுவரோரம் சாய்த்தாள். "அன்னிக்குச் சாமிகிட்ட வந்து நின்னீங்களே. அதுவும் இல்லாத மூக்குக்குத்தானா?"

அது அவரையும் குத்திக்கொண்டிருந்த கேள்விதான். "தெரியலை. நன்றி சொன்னது நிஜமாத்தான் சொன்னேன்," என்றார்.

"அப்ப அது இருக்கட்டும். திருப்பி வாங்கிக்க வேண்டாம்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குடையை எடுத்து நீட்டினாள். "போறதுன்னா இப்பவே போயிட்டு வாங்க. ஆறப்போட்டா நானே உங்களை விட மாட்டேன். ரொட்டியை நான் கடிகாரம் பார்த்து எடுத்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க."

நெட்டையின் மனைவி தையல்காரி. இரண்டு தெரு தள்ளி, ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் மிஷின், கொடியில் பள்ளிக்கூடச் சீருடைகள் பித்தான் இல்லாமல் தொங்கின. அவள் மிஷினைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூக்கரைக் கண்டதும் எழுந்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"வாங்கண்ணே. அவர் இங்க இல்லை."

"தெரியும்மா. உன்கிட்டதான் வந்தேன்."

நின்றபடியே சொன்னார். காய்ச்சல், மூன்று வாரம், காலி அடுப்பு, வினிகர். ஒளிக்காமல் சொன்னார். அவள் கையில் எண்ணெய்த் துணியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லதாக இல்லை.

"அவர் அனுப்பினாரா?"

"யாரும் அனுப்பலை."

"பதினோரு நாளா மாவு பிசைய ஆள் கிடைக்கலை. அதனால இந்தக் கதையா?"

"கதை இல்லை தங்கச்சி."

"அண்ணே, அன்னிக்குச் சாயங்காலம் அவர் வந்து வாசல்லயே நின்னாரு. அதுக்குள்ள தெருவே எனக்குச் சொல்லிடுச்சு. 'நான் குடிக்கலை'ன்னாரு. வாயில கிராம்பு வாசனை. எனக்கும் மூக்கு இருக்கு. ஆனா கிராம்புன்னாலே எனக்குப் பழைய ஞாபகம்தான் வரும். அதுக்கு அடியில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு எனக்குத் தெரியலை. மூக்கர் சொல்லிட்டாருன்னு இருந்துட்டேன். உங்க மூக்குக்கு மேலயா என் மூக்கு? 'நீங்க போட்ட சட்டம்தானே'ன்னு கேட்டேன். 'ஆமா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு சண்டை கூடப் போடலை. குடிக்காதவனா இருந்தா சண்டை போட்டிருக்க மாட்டானான்னு அதையும் அவர் கணக்குலதான் எழுதினேன். இப்ப வந்து, அது மூக்கே இல்லைங்கறீங்க. நான் எதை நம்பறது?"

உண்டு என்பதை நிரூபிக்கலாம். பாலைக் கொண்டா, எண்ணெயைக் கொண்டா என்று முப்பத்தைந்து வருஷம் நிரூபித்திருக்கிறார். இல்லை என்பதை எப்படிக் காட்டுவது?

"நீயே எப்படி வேணும்னாலும் பார்த்துக்கம்மா," என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு துண்டுத் துணியை எடுத்து அவர் கண்ணை இறுக்கிக் கட்டினாள். டம்ளர்கள் உரசும் சத்தமும், எதையோ ஊற்றும் சத்தமும் கேட்டன. இரண்டு டம்ளர்கள் அவர் முன்னால் வந்து நின்றன.

"ஒண்ணுல குடிக்கிற தண்ணி. இன்னொண்ணு வேற. தண்ணியை எடுத்துக் குடிங்க."

மூக்கர் ஒன்றை மோந்தார். இன்னொன்றை மோந்தார். இரண்டும் ஒன்றுதான். இருட்டில் எந்த வாசனையும் கூப்பிட்டால் வரவில்லை. அவள் என்ன ஊற்றியிருப்பாள் என்று யோசித்தார். வேண்டாம் என்று துணியை அவிழ்த்துவிடலாம். யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. அன்று நெட்டையின் முகத்தருகே எவ்வளவு தைரியமாகக் குனிந்தோம் என்று நினைத்துக்கொண்டார். வலப்பக்க டம்ளரை எடுத்து வாயில் வைத்துச் சாய்த்தார்.

உதட்டில் வழுவழுப்பாக ஏதோ பட்டது. அதே நொடியில் டம்ளர் கையிலிருந்து பறந்து சுவரில் மோதி உருண்டது.

கண்கட்டை அவிழ்த்தார். தையல்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுவரில் ஈரம் வழிந்தது. தரையில், மிஷின் துடைக்கிற மண்ணெண்ணெய்ப் போத்தல் திறந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

"வாயைக் கழுவுங்க," என்றாள். மற்ற டம்ளரை எடுத்துத் தானே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தாள். அவர் கொப்பளித்துத் துப்புகிற வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "நான் அவரை வெளியில நிறுத்திட்டேனே அண்ணே. இந்த மழையிலயும்," என்றாள்.

"நிறுத்தினது நான்தான்மா."

"நீங்க கடையில நிறுத்தினீங்க. வீட்டுல நிறுத்தினது நான்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வாங்க, போகலாம். ஆனா ஒண்ணு. தெருவுல வெச்சுச் சொன்னீங்க. தெருவுலயே சொல்லணும்."

கிடங்குக்குப் போகிற வழியில்தான் கடை. மதிய ரொட்டி வந்திருந்தது. ஏழெட்டுப் பேர் குடையோடு நின்றிருந்தார்கள். பால்காரம்மாள் முதல் ஆளாக நின்றாள். மூக்கர் படியேறவில்லை. தெருவில் நின்றபடியே, வாங்க வந்தவர்களைப் போலவே கடையைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார்.

"எனக்கு ரெண்டு மாசமா மோப்பம் கிடையாது. நெட்டையைக் குடிச்சிருக்கான்னு சொன்னது பொய். பொய்னு தெரியாம சொன்னேன். ஆனா பொய்தான்."

பால்காரம்மாள்தான் கேட்டாள்: "போன வாரம் என் பாலை மோந்து நல்லாருக்குன்னு சொன்னியேப்பா?"

"பார்க்க நல்லா இருந்துச்சு. அதான் சொன்னேன்."

"வீட்டுல மூணு பேருக்கு வயிறு கலங்கிடுச்சு. நான் கீரையைத் திட்டிட்டு இருந்தேன்."

ஒருவர் சிரிக்க வந்து, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டார். இருவர் ரொட்டி வாங்காமல் நடந்தார்கள். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அன்னிக்கு நானும் பக்கத்துலதான் இருந்தேன். ரெண்டு அடி நடந்து போய் அவன் வாயை மோந்து பார்த்திருக்கலாம். பாக்கலை. இவர் சொன்னா எனக்கென்ன வேலைன்னு இருந்துட்டேன். அதையும் சேத்துக்கங்க."

மூக்கர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை, ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கிடங்கு வாசலில் லாரி நின்றிருந்தது. நெட்டை சிமெண்டு மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, பலகை மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல் நிறம். பதினோரு நாளில் பத்து வயது கூடின மாதிரி இருந்தான். இவர்களைப் பார்த்தும் நிற்கவில்லை. கையிலிருந்த நடையை முடித்து, மூட்டையை இறக்கிவிட்டுத்தான் வந்தான். மனைவியைப் பார்க்காமல் மூக்கரைப் பார்த்தான்.

"என்னண்ணே?"

மூக்கர் நாலாம் முறையாகச் சொன்னார். முதல் முறையைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. முடிந்ததும், நெட்டை ஒரு மூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்ப நான் குடிக்கலை," என்றான்.

"குடிக்கலைப்பா."

"இல்லைண்ணே, நான் கேக்கறது வேற. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நீங்க சொல்லிட்டீங்க. உங்க மூக்கு தப்பாது. அப்ப நான்தான் எங்கேயோ தப்பியிருக்கணும். பல் வலியில ராத்திரி என்ன பண்ணேன்னு நினைவில்லை. எழுந்துபோய்க் குடிச்சிட்டு வந்து படுத்துட்டேனோன்னு... ரெண்டு நாள் பழைய சாராயக்கடைப் பக்கம் போய், 'நான் வந்தேனா'ன்னு விசாரிச்சேன். சிரிச்சானுங்க. அஞ்சாம் நாள், எப்படியும் குடிச்சவன்தானே, இனிமே எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கணும்னு உள்ள போய் உக்காந்தேன்."

தையல்காரியின் கை மூக்கரின் குடைக் கம்பியைப் பிடித்தது.

"கிளாஸ் முன்னாடி வந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். நாலு வருஷமா குடிக்காதவன் ஒருத்தன் இருந்தானே, அவன் எனக்கு ரொம்பப் பிடிச்சவன்ணே. அவனைக் கொல்ல மனசு வரலை. எழுந்து வந்துட்டேன்."

மூக்கர் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரச் சிமெண்டு வேட்டியில் ஒட்டியது. "மன்னிச்சுக்கடா" என்றார்.

"எழுந்திரிங்கண்ணே, நல்லாயில்லை," என்று நெட்டை கை கொடுத்துத் தூக்கினான். "உங்க மேல கோவம் இல்லை. ஆனா கடைக்கு மட்டும் கூப்பிடாதீங்க. தினமும் காலையில உங்க முன்னாடி நிக்கிறப்ப மூச்சை அடக்கிக்கிட்டு நிப்பேன். அது என்னால முடியாது."

"சரிப்பா" என்றார் மூக்கர். அது மட்டுமாவது மறுபேச்சில்லாமல் அவரால் கொடுக்க முடிந்தது.

நெட்டை இப்போதுதான் மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் முந்திக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாங்க."

"மோந்து பாரு."

"வேண்டாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அவர் சொல்லித் தெரிஞ்சுது. அன்னிக்கும் அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது." குரல் உயரவில்லை. "நீயே பாரு."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் திரும்பவில்லை. நெட்டை, தொட்டிக்குள் குனிகிற மாதிரி, அவள் உயரத்துக்கு இரண்டாக மடிந்து வாயைத் திறந்தான். அவள் ஒரு கையால் அவன் சிமெண்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அவசரப்படாமல் நெடுநேரம் மோந்து பார்த்தாள்.

மூக்கர் நாலடி தள்ளி நின்றார். அவருக்கு எதுவும் வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று காத்திருந்தார்.

"வேர்வை," என்றாள். கண் திறந்தபோது அது நிறைந்திருந்தது. "பதினோரு நாள் வேர்வை. வேற ஒண்ணும் இல்லை. வந்து குளிங்க."